பக்கத்து நாற்பது சென்டும் உள்ளே இருக்கிற ராஜ்யமும்

கேள்வி: ஐயா, தோத்திரம். எனக்கு வயது 46. சோமனூருக்குப் பக்கத்தில் 12 தறி போட்டுக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் சபைக் குடும்பம். தாத்தா ஒரு பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். ஒரு வருஷமாக வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்வருகிறேன். அங்கே பிரசங்கம் செய்கிறவர், 'தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறது. நீங்கள் ராஜாக்கள். ராஜா யாரிடமும் கெஞ்சமாட்டான், கட்டளையிடுவான்' என்பார். கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கும். கடன், நூல் விலை, கரண்டு பில் என்று கூனிப்போயிருந்த எனக்கு நிமிர்ந்து நடக்கத் தெம்பு கொடுத்தது அந்த வார்த்தைதான். ஆனால் வீட்டில் சண்டை அதிகமாகிவிட்டது. எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது. தறிக்கு வந்துகொண்டிருந்த ஆட்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். போன மாதம் வீட்டுக்காரி மேல் கை ஓங்கிவிட்டேன், அடிக்கவில்லை. 'உள்ளுக்குள்ள ராஜா இருக்காருங்கறீங்க, வெளிய வர்றது வேற யாரோவா இருக்குதுங்களே' என்றாள். அவள் பிறந்த வீடு கருமத்தம்பட்டி, ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பம். அவளுடைய பைபிளில் 'உங்களுக்குள்' என்று இல்லையாம், 'உங்கள் நடுவே' என்று இருக்கிறதாம். எது சரி? நான் ராஜா என்றால் என் கோபம் ஏன் எனக்கு அடங்க மாட்டேன் என்கிறது? அந்தக் கூட்டத்துக்குப் போவதா, வேண்டாமா? இன்னொன்று, தறிக்கூடத்தை ஒட்டித் தம்பிக்கு 40 சென்ட் இருக்கிறது. விலைக்குக் கேட்டால் தரமாட்டேன் என்கிறான். ஈஸ்டரிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. தினமும் விடியற்காலையில் அந்த இடத்தைச் சுற்றி நடந்து, 'இது என் எல்லை' என்று அறிக்கை செய்து ஜெபிக்கிறேன். அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பதில்: சகோதரரே, கடிதத்தைப் படித்து முடித்து மடிக்கப் போகும்போதுதான் 'இன்னொன்று' என்று ஆரம்பிக்கிற அந்தக் கடைசி வரிகள் உறுத்தின. ஆலோசனைக்கு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் ஏதேதோ பேசிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொல்வார்கள். பல சமயம் அதற்காகத்தான் வந்திருப்பார்கள். அந்த 40 சென்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் வேதக் கேள்வியைப் பார்த்துவிடலாம். அதில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரம்மாவும் ஆளுக்குப் பாதி சரி.

நம் சபைகளில் புழங்குகிற பழைய மொழிபெயர்ப்பில் லூக்கா 17:21 'இதோ, தேவனுடைய ராஜ்யம் உங்களுக்குள் இருக்கிறதே' என்று இருக்கிறது. 1995-ல் வந்த, கத்தோலிக்கர் புழங்குகிற திருவிவிலியத்தில் அதே வசனம் 'இறையாட்சி உங்கள் நடுவேயே செயல்படுகிறது'. இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லைத்தான் மொழிபெயர்க்கின்றன. 'என்டோஸ்' என்பது அந்தச் சொல். புதிய ஏற்பாடு முழுக்க இரண்டே இடத்தில்தான் அது வருகிறது. இன்னோர் இடம் மத்தேயு 23:26. பாத்திரத்தின் உட்புறத்தை முதலில் கழுவு என்று பரிசேயனிடம் இயேசு சொல்கிற இடம். அங்கே அதற்கு 'உள்ளே' என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. அதனால் லூக்காவிலும் 'உள்ளே' என்று கொண்டவர்கள் உண்டு. சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தர் தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அப்படித்தான் வைத்தார். மற்றவர்கள் கேட்கிற கேள்வியும் நியாயமானதுதான். இயேசு இதை யாரிடம் சொன்னார்? தம்மை மடக்கப் பார்த்துக்கொண்டிருந்த பரிசேயரிடம். அவர்கள் இருதயத்துக்குள் தேவனுடைய ராஜ்யம் இருக்கிறது என்றா சொல்லியிருப்பார்? 'நீங்கள் எங்கேயோ தேடுகிறீர்கள், அது உங்கள் கண் முன்னால் நின்றுகொண்டிருக்கிறது' என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்? அந்த வழியில் வந்ததுதான் 'உங்கள் நடுவே'.

எனக்கு இதில் பெரிய சண்டை தெரியவில்லை. நம் தமிழே இரண்டையும் ஒரு சொல்லில் வைத்திருக்கிறது. பங்காளிச் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பேச வந்த பெரியவர், 'உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவு பண்ணிக்கோங்க' என்று சொல்லிவிட்டு எழுந்துபோனால், ஒவ்வொருவரும் தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்து நெஞ்சுக்குள் பேசிக்கொள்ளச் சொன்னார் என்றா எடுத்துக்கொள்வோம்? பழைய மொழிபெயர்ப்பே இன்னோர் இடத்தில் இதே சொல்லை அந்த அர்த்தத்தில் வைத்திருக்கிறது. அதிகாரிகள் ஜனங்களை இறுமாப்பாய் ஆளுகிறார்கள், 'உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது' என்று இயேசு சீஷர்களிடம் சொல்கிறார். ஒருத்தருக்கொருத்தர் நடந்துகொள்கிற விதத்தைப் பற்றிய பேச்சு அது. ஆகவே உங்கள் நெஞ்சுக்குள்ளும் சரி, உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கும் நடுவிலும் சரி, அந்த ராஜ்யத்துக்கு இடம் உண்டு. ஓர் இடத்தில் இல்லாமல் இன்னோர் இடத்தில் மட்டும் அது இருக்கும் என்று நான் நம்பவில்லை.

இன்னொரு சொல்லையும் பார்க்க வேண்டும். ராஜ்யம் என்றால் நமக்கு எல்லைக்கல் நட்ட ஒரு பூமி ஞாபகத்துக்கு வருகிறது. 'பசிலேயா' என்ற கிரேக்கச் சொல்லில் ஆளப்படுகிற பூமியும் உண்டு, ஆளுகிற செயலும் உண்டு. திருவிவிலியத்தார் 'இறையாட்சி' என்று எழுதியது அந்த இரண்டாவதைக் காட்டத்தான். உங்களுக்குள் ஓர் ஆளுகை நடக்கிறது என்று அந்த வசனம் சொல்கிறது. யாருடைய ஆளுகை? 'தேவனுடைய ராஜ்யம்' என்று பெயர் அங்கேயே போட்டிருக்கிறது. நிலம் வாங்கும்போது பத்திரத்தில் யார் பெயர் என்று முதலில் பார்க்கிற ஆட்கள் நாம். இந்தப் பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லை. அந்த ராஜ்யத்துக்கு நீங்கள் குடி. இருதயத்தில் ஒரு சிங்காசனம் இருக்கிறது என்றால் அது ஒருவர் உட்காருகிற அளவுக்குத்தான் இருக்கிறது.

அப்படியென்றால் 'நீங்கள் ராஜாக்கள்' என்று பிரசங்கியார் சொன்னது பொய்யா? இல்லை. வேதத்தில் இருக்கிறது. 1 பேதுரு 2:9 விசுவாசிகளை 'ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்' என்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் முதல் அதிகாரத்தில் 'ராஜாக்களும் ஆசாரியர்களுமாக்கினவர்' என்று வருகிறது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த இடத்தில் 'ஒரு ராஜ்யமாகவும் ஆசாரியராகவும்' என்று இருக்கிறது, அது வேறு விஷயம். ராஜா என்றே வைத்துக்கொள்வோம். இதை எழுதியவர் எங்கே இருந்தார், யாருக்கு எழுதினார் என்று பாருங்கள். யோவான் விசுவாசத்துக்காக நாடுகடத்தப்பட்டுப் பத்மு தீவில் இருந்தார். எழுதியது ஆசியா நாட்டு ஏழு சபைகளுக்கு. ரோம ராயன் ஆள்கிற ஊர்களில், அதிகாரம் என்பதையே பார்த்திராத சின்னச் சின்னக் கூட்டங்கள் அவை. சிமிர்னா சபைக்கு எழுதும்போது 'உன் தரித்திரத்தை அறிந்திருக்கிறேன்' என்றே வருகிறது. அப்படிப்பட்டவர்களைப் பார்த்துத்தான் 'நீங்கள் ராஜாக்கள்' என்ற வார்த்தை சொல்லப்பட்டது.

உங்கள் தாத்தாவை நினைத்துப் பாருங்கள். லண்டன் மிஷன் 1830-ல் கோயம்புத்தூரில் வேலையை ஆரம்பித்தது. அதற்கப்புறம் நம் பக்கத்துக் கிராமங்களில் முளைத்த சபைகளில் பல, ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட ஜனங்களுக்குள் உண்டானவை. பண்ணையத்துக்காரர் வாசலில் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒரு மனுஷன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து 'ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்' என்று உபதேசியார் வாசிக்கக் கேட்டபோது நெஞ்சுக்குள் என்ன நடந்திருக்கும்! உங்களை யாரும் கூனவைக்க முடியாது, உங்கள் மதிப்பை நிர்ணயிக்கிறவன் பண்ணையக்காரன் கிடையாது என்று அந்த வசனம் அவருக்குச் சொல்லியிருக்கும். அது மருந்து. அதே வசனத்தை எடுத்து, 12 தறியும் அதை ஓட்டுகிற ஆட்களும் வைத்திருக்கிற உங்களிடம், ராஜா கெஞ்சமாட்டான், கட்டளையிடுவான் என்று ஒருவர் சொன்னால் அது வேறு வேலை செய்கிறது. கடனில் கூனிப்போயிருந்தபோது அது உங்களை நிமிர்த்தியது என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அந்த அளவுக்கு அது உங்களுக்கும் மருந்துதான். நிமிர்ந்தாகிவிட்டது, அப்புறமும் தினம் இரண்டு வேளை குடித்துக்கொண்டே இருந்தால்?

அப்புறம் இதையும் யோசியுங்கள். அந்த வசனங்களில் 'ராஜா' தனியாக வருவதே இல்லை. கூட்டமாகத்தான் வருகிறது. உங்கள் வீட்டுக்காரம்மா வளர்ந்த சபையில், ஞானஸ்நானம் கொடுத்ததும் குழந்தையின் உச்சியில் கிறிஸ்மா தைலம் பூசுவார்கள். குருவும், இறைவாக்கினரும், அரசருமான கிறிஸ்துவில் இந்தக் குழந்தைக்கும் பங்கு உண்டு என்று சொல்லிப் பூசுவது அது. அதாவது, நீங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போக ஆரம்பிப்பதற்கு ரொம்ப காலத்துக்கு முன்னாலேயே உங்கள் வீட்டில் ஒருவர் ராஜ அபிஷேகம் வாங்கியிருக்கிறார். கட்டளையிடுகிறவர் நீங்கள் என்றால், அடுப்படியில் நிற்கிற அந்த ராஜாவுக்கு என்ன வேலை?

லூத்தர் 1520-ல் கிறிஸ்தவனின் சுதந்தரத்தைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதன் ஆரம்பத்தில் இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். கிறிஸ்தவன் எல்லாவற்றுக்கும் மேலான எஜமான், யாருக்கும் கீழ்ப்பட்டவன் அல்ல. கிறிஸ்தவன் எல்லாருக்கும் பணிவிடைக்காரன், எல்லாருக்கும் கீழ்ப்பட்டவன். அங்கே ராஜாவாக இருப்பதைப் பற்றியும் பேசுகிறார். துன்பமோ, சாவோ எதுவும் விசுவாசியைக் கெடுத்துவிட முடியாது, அந்த அர்த்தத்தில்தான் அவன் ராஜா என்கிறார். காணி பூமிகளை வளைத்துப் பிடிக்கிற அதிகாரம் அது கிடையாது என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார். உங்கள் பிரசங்கியார் முதல் வாக்கியத்தோடு மைக்கை வைத்துவிட்டார் என்று தோன்றுகிறது.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆலயத்தில் ஆயருக்கென்று போட்டிருக்கிற நாற்காலி மற்றதைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும். முப்பது வருஷம் அதில் உட்கார்ந்தவன் நான். ஒரு சபையில், கமிட்டிக் கூட்டத்தில் என்னை எதிர்த்துப் பேசிய ஒரு பெரியவரை ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அதற்குத் தேவ வைராக்கியம் என்று பெயரும் வைத்திருந்தேன். அவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் போய் நின்றேன். 'வாங்க ஐயா, டீ சாப்டறீங்களா' என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சரி, கோபம். 'நான் ராஜா என்றால் என் கோபம் ஏன் அடங்க மாட்டேன் என்கிறது?' இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்கள் மேல் எனக்கு மரியாதை. தன் ஆவியை அடக்காத மனுஷன் மதிலிடிந்த பாழான பட்டணம்போல் இருக்கிறான் என்று நீதிமொழிகள் 25:28 சொல்கிறது. மதில் இல்லாத ஊருக்குள் எவன் வேண்டுமானாலும் வந்து போகலாம். ஜவுளிக்காரர் போனில் ஒரு வார்த்தை சொன்னால் அது உள்ளே வந்துவிடுகிறது. ஃபைனான்ஸ்காரர் வாசலில் வண்டியை நிறுத்தினால் அவரும் உள்ளே வந்துவிடுகிறார். வந்தவர்களை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அவர்களிடம் ராஜாவாக இருக்க முடியாத கணக்கை வீட்டில் வந்து தீர்க்கிறீர்கள். பாவு நூல் கொடுக்கிறவரிடம் எத்தனை தடவை 'சரிங்க, சரிங்க' என்று தலையாட்டுகிறீர்கள், அன்று ராத்திரி வீட்டில் எத்தனை தடவை கத்துகிறீர்கள், ஒரு வாரம் மட்டும் நோட்டில் குறித்து வையுங்கள். கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் பயம் இருக்கும். கடனைப் பற்றிய பயத்துக்கு வீட்டில் பேச இடம் இல்லாதபோது அது கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. ராஜா பயப்படக் கூடாது என்று கற்றுக்கொண்டுவிட்டால் இன்னும் மோசம். கெத்செமனேயில் இயேசு 'என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது' என்று மூன்று சீஷர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். உங்கள் பிரசங்கியார் கணக்குப்படி அது கெஞ்சல்.

இது ஆவிக்குரிய விஷயம் மட்டும் கிடையாது, காது விஷயமும்கூட. தறிக்கூடத்துக்குள் பத்து பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர்களுக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும். சத்தத்துக்குள் பேசிப் பேசி, சாப்பாடு கேட்பதே அதட்டுகிற மாதிரி ஆகிவிடும். தறியிலிருந்து வந்ததும் நேராக உள்ளே போகாமல் முகம் கை கால் கழுவிக்கொண்டு திண்ணையில் பத்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். ஜெபிக்கக்கூட வேண்டாம். காதுக்குள் ஓடுகிற தறி நிற்கட்டும். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக் குடும்பங்கள் சிலவற்றில் இது வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

கை ஓங்கியதை 'அடிக்கவில்லை' என்று ஒரு சொல்லில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் தாண்டப் போவதில்லை. ஓங்கிய கையைப் பார்த்தவருக்கு அடுத்த முறை அது இறங்காது என்று என்ன உத்தரவாதம்? அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். 'நீ இப்படிப் பேசினதாலதான்' என்று சேர்க்காமல் கேளுங்கள். இன்னொரு முறை நடந்தால் என்னைப் போன்ற ஆயரிடம் வருவதோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரையோ, கோபத்துக்கு ஆலோசனை தருகிற பயிற்சி பெற்றவரையோ பாருங்கள். கோயம்புத்தூரில் இதற்கு வசதி இருக்கிறது. இதை உங்கள் வீட்டுக்காரம்மாவும் படிப்பார் என்பதால் அவருக்கும் சொல்கிறேன்: அம்மா, பெண்களுக்கான உதவி எண் 181. ராஜாவின் மானம் போய்விடும் என்று அதைக் கூப்பிடாமல் இருக்க வேண்டியதில்லை.

தாவீதுக்கும் இதே வியாதி இருந்தது. சாமுவேல் தைலம் ஊற்றி அவனை ராஜாவாக அபிஷேகம் பண்ணியாகிவிட்டது. ஆனால் பல வருஷம் குகை குகையாக ஒளிந்து திரிந்தான். அந்த நாளில், 3000 ஆடு வைத்திருந்த நாபால் என்பவன் ஆடு மயிர் கத்தரிக்கிற சமயத்தில் அவனை அவமானப்படுத்திவிட்டான். தாவீது 400 பேரைச் சேர்த்துக்கொண்டு பட்டயத்தோடு கிளம்பினான். ஒருத்தனையும் மீதி வைப்பதில்லை என்று சபதம். வழியில் அவனை நிறுத்தியது நாபாலின் மனைவி அபிகாயில். அவள் பேசியதைக் கேட்டுத் தாவீது என்ன சொன்னான்? 'இன்றையதினம் எனக்குத் தடை பண்ணின நீயும் ஆசீர்வதிக்கப்படுவாயாக' என்றான். 1 சாமுவேல் 25-ஐ நீங்களே எடுத்து வாசியுங்கள். அபிஷேகம் தலையில் இருந்தது, கோபம் இடுப்பில் தொங்கியது. அந்த ஒரு நாள் தாவீது ராஜாவைப் போல நடந்துகொண்டது, ஒரு பெண் சொன்ன சொல்லுக்கு நின்றதனால்தான். 'வெளிய வர்றது வேற யாரோவா இருக்குதுங்களே' என்று உங்கள் வீட்டில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வரியை நான் வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களுக்கு மேலே வைப்பேன்.

இனி அந்த 40 சென்ட்.

ஒன்று கேட்கிறேன். யோசுவா காலத்தில் எரிகோ பட்டணத்தைப் பிடிக்க அதைச் சுற்றி நடந்தது இஸ்ரவேலர், சரி. எரிகோ யாருடைய ஊர்? உங்கள் தம்பி கானானியனா?

யோசுவாவை விட்டுவிட்டு 1 ராஜாக்கள் 21-க்கு வாருங்கள். ஆகாப் ராஜாவின் அரமனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சத்தோட்டம் இருந்தது. ராஜா அதைக் கீரைக்கொல்லையாக்கிக்கொள்ள ஆசைப்பட்டான். ஆகாபை நாம் எடுத்தவுடன் கெட்டவன் என்று தள்ளிவிடுகிறோம், ஆனால் அவன் நியாயமாகத்தான் ஆரம்பித்தான். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லாவிட்டால் விலைக்கிரயமான பணம் தருகிறேன் என்றான். நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். நாபோத் முடியாது என்றான். என் பிதாக்களின் சுதந்தரம், அதை உமக்குக் கொடாதபடி கர்த்தர் என்னைக் காப்பாராக என்றான். ராஜா வீட்டுக்கு வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கட்டிலில் படுத்துக்கொண்டான். நம் ஊரில் பாகப்பிரிவினைப் பேச்சு முறிந்த அன்றைக்கு எத்தனை வீட்டில் இந்தப் படுக்கையைப் பார்த்திருக்கிறேன்!

அப்போது அவன் மனைவி யேசபேல் வந்து கேட்கிறாள்: 'நீர் இப்பொழுது இஸ்ரவேலின்மேல் ராஜ்யபாரம் பண்ணுகிறவர் அல்லவா?'

கவனித்தீர்களா? நீ ராஜா அல்லவா, நீ எதற்குக் கெஞ்ச வேண்டும்? அந்தப் பிரசங்கம் அங்கே ஏற்கெனவே பண்ணியாகிவிட்டது. உங்கள் பிரசங்கியாரை யேசபேல் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் உங்கள் தம்பியின் நிலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆனால் அந்த வார்த்தை உங்கள் காதில் விழுந்து, விடியற்காலையில் உங்களைக் கூட்டிக்கொண்டு போன இடம் நாபோத்தின் தோட்டத்து வேலி. நாபோத் கதை எப்படி முடிந்தது என்று உங்களுக்கே தெரியும்: அவனைக் கல்லெறிந்து கொன்றுவிட்டுத் தோட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் அவ்வளவு தூரம் போகிறவர் இல்லை. இருந்தாலும் வேலியைச் சுற்றி நடக்கிற ஒருவரை, உள்ளே பால் கறந்துகொண்டிருக்கிற தம்பி பெண்டாட்டி தினமும் பார்க்கிறாளே, அவளுக்கு அது ஜெபமாகத் தெரியுமா, மிரட்டலாகத் தெரியுமா? (மாடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊரில் 40 சென்ட் இருந்தால் ஓரத்தில் ஒரு கட்டுத்தரையும் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.)

இஸ்ரவேலில் ராஜா வருவதற்கு முன்னாலேயே, வரப்போகிறவனுக்கு உபாகமம் 17-ல் சட்டம் போட்டு வைத்திருந்தது. குதிரைகளை ரொம்பச் சேர்க்காதே, பெண்களை ரொம்பச் சேர்க்காதே, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகப் பெருக்காதே. ராஜாவென்றால் எதையெல்லாம் சேர்ப்பானோ அதையெல்லாம் சேர்க்காதே என்று சொல்கிற சட்டம். அப்புறம், நியாயப்பிரமாணத்துக்கு ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க அதை வாசிக்க வேண்டும். எதற்கு? அவன் இருதயம் தன் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளாதபடிக்கு. சகோதரர்மேல் என்றுதான் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு இதைவிடப் பக்கத்தில் வருகிற வசனம் எனக்குத் தெரியவில்லை.

நம் மண்ணிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் என்ற கொங்கு நாட்டுத் தலைவர் பவானி ஆற்றில் அணை கட்டி, அங்கிருந்து நொய்யல் வரைக்கும் ஏறக்குறைய 90 கிலோமீட்டருக்கு வளைத்து வளைத்து வாய்க்கால் வெட்டினார். ஈரோட்டுப் பக்கம் இன்றைக்கும் மஞ்சளும் நெல்லும் அதில் விளைகின்றன. தன் நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் வெட்டினான் என்று ஒரு சொல் வந்ததாம். அந்தச் சொல்லுக்காக, நானும் என் வம்சமும் இந்த வாய்க்கால் தண்ணீரைத் தொடமாட்டோம் என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்பது ஊர் வழக்கு. ஈரோட்டுச் சபையில் இருந்த நாளில் வாய்க்கால் கரையில் ஒரு விவசாயி இதை எனக்குச் சொன்னார். அவர் கிறிஸ்தவர் இல்லை. ராஜ்யபாரத்தைப் பற்றி அன்றைக்கு அவரிடம் கற்றுக்கொண்ட அளவுக்கு நான் செமினரியில் கற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே அந்தச் சுற்று நடையை நாளைக்கே நிறுத்துங்கள். நடக்க வேண்டும் என்றால் சாமளாபுரம் குளக்கரைக்குப் போங்கள், காற்றாவது நன்றாக இருக்கும். ஒரு சாயங்காலம், வேலியைச் சுற்றாமல் வாசல் வழியாகத் தம்பி வீட்டுக்குள் போங்கள். உங்கள் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் தனியாகப் போனால் நிலம் பேச வந்திருக்கிறார் என்று நினைப்பார். அன்றைக்கு நிலத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. 'காலைல நடந்து உங்களுக்கு சங்கடம் குடுத்துட்டேன்' என்று மட்டும் சொல்லுங்கள். கொடுக்கிற டீயைக் குடியுங்கள். தறிக்கூடத்தைப் பெரிதாக்கியே ஆக வேண்டும் என்றால் வாடகைக்கு வேறு இடம் பாருங்கள். 12 தறிக்கே கூலி இப்படி இருக்கிற காலத்தில் இன்னும் தறி போடலாமா என்பதைக் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை. நான் ஜெபிக்கிறேன். நிலம் கிடைப்பதற்காக மட்டும் ஜெபிக்கமாட்டேன்.

நின்றுபோன இரண்டு ஆட்களுக்கு வாரக்கூலி பாக்கி ஏதாவது இருந்தால் அதை முதலில் கொண்டுபோய்க் கொடுங்கள். யாக்கோபு 5:4-ஐ நான் இங்கே எழுதவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். போகாதே என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, அது உங்கள் இஷ்டம். இரண்டு மாசம் விட்டுப் பாருங்கள் என்பேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டில் இருந்து, கடன் கணக்கை வீட்டுக்காரம்மாவுக்கு முன்னால் பிரித்து வையுங்கள். மொத்தம் எவ்வளவு என்று அவருக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன். அப்புறம் திரும்பப் போனால், அங்கே இயேசு சீஷர்களின் காலைக் கழுவிய யோவான் 13-ஐ எப்போதாவது பேசுகிறார்களா என்று கவனியுங்கள். ஒரு வருஷத்தில் ஒருமுறைகூட வரவில்லை என்றால் நீங்களே முடிவு பண்ணிக்கொள்வீர்கள்.

இரண்டு மாசம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். உள்ளே ராஜ்யம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுத வேண்டாம், அந்தப் பகுதியை உங்கள் வீட்டுக்காரம்மா எழுதட்டும். அவர் எழுதியதை ஒட்டி மூடிய பிறகு தபாலில் போடுவது மட்டும் உங்கள் வேலை.